நாற்பத்தாறு யார்டு மரியாதை

மோகனசுந்தரம் கோல்ஃப் அடியை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் வாங்கிய செய்தி, பெட்டி அவர் கைக்கு வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. டெலிவரி ட்ரோன் வழி தவறி எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின் நடுவே இறங்கி, "மோகனசுந்தரம் அவர்களே! தங்கள் கோல்ஃப் ஆட்டத்தை மாற்றப்போகும் நண்பன் வந்திருக்கிறேன்!" என்று மூன்று மொழிகளில் கூவினால் தெரியாமல் என்ன செய்யும்? எதிர்வீட்டம்மாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கூடவே, "இதாச்சும் வேலை செய்யுமுங்களா?" என்று கேட்டுவிட்டும் போனார்.

அந்த "இதாச்சும்" நியாயமானதுதான். கோயம்புத்தூரில் பாதி மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த மனிதர் மோகனசுந்தரம். தொழிற்சாலையை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் கோல்ஃப் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். அன்று முதல் அவர் வாங்காதது இல்லை. ஸ்காட்லாந்து மட்டை வாங்கினார். ஜப்பான் கையுறை வாங்கினார். மணிக்கட்டுக்குக் காந்த வளையம் வாங்கினார். தலை ஆடினால் காதுக்குள் திட்டும் தொப்பி ஒன்று வாங்கினார். அதை அவர் மனைவி கோகிலவாணி இரண்டே நாளில் ஒளித்துவைத்துவிட்டார். வீட்டில் திட்டுவதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

மோகனசுந்தரம் கோல்ஃபுக்குப் போனது உடற்பயிற்சிக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பந்திக்காகப் போனார். ஒரே மகள் யாழினியைக் கட்டிக்கொடுத்த இடம் நூற்பாலைக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா மௌனகுருசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலங்காடு கோல்ஃப் கிளப்பைத் தவிர வேறு உலகம் கிடையாது. "நீங்களும் வாங்க சம்பந்தி, சும்மா காத்தாட நடக்கலாமுங்க" என்று கல்யாண வீட்டிலேயே கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியுமா?

ஆறு வருஷம் போனார். ஆறு வருஷமும் தோற்றார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஐந்தாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. மௌனகுருசாமி அடிப்பார்; பந்து குளத்தில் விழும். "அடடா" என்பார். அடுத்து மோகனசுந்தரம் அடிப்பார், அதுவும் குளத்தில்தான். "அடடடடா" என்பார். மௌனகுருசாமி மறுபடியும் ஒன்றைக் குளத்தில் போடுவார். மோகனசுந்தரம் இரண்டு போடுவார். மட்டைப் பை தூக்கும் மாரப்பன், "ஞாயித்துக்கெழமைன்னா மீனெல்லாம் அந்தக் கரைக்குப் போயிருதுங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசியில் மௌனகுருசாமி ஜெயித்துவிடுவார். ஜெயித்த முகம் மாதிரியே இருக்காது. அவருக்கு அப்படி ஒரு அடக்கம் என்று ஊரே பேசிக்கொண்டது.

மோகனசுந்தரத்துக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, சம்பந்தியை ஜெயிக்க வேண்டும். அந்த ஆசைக்கும் இப்போது தவணை குறித்தாகிவிட்டது. பொங்கல் முடிந்ததும் மௌனகுருசாமிக்கு இரண்டு முட்டியையும் மாற்றப்போகிறார்கள். "அதுக்கப்புறம் வண்டில உக்காந்து வேடிக்கதானுங்க பாக்கோணும்" என்று அவரே சொல்லிவிட்டார். மார்கழியில் நடக்கும் கிளப்பின் ஆண்டுப் போட்டிதான் கடைசி வாய்ப்பு.

ஆகவே பெட்டி.

அதைப் பொருத்திக் கொடுக்க ஷர்மிளா பானு என்ற பெண் கடையிலிருந்து வந்தாள். மாடியில் வலை கட்டி, எதிரே டிபன் பாக்ஸ் அளவில் இருந்த பெட்டியை வைத்தாள்.

"சார், பழைய மானிட்டர்லாம் பந்து என்ன வேகத்துல கெளம்புது, என்ன கோணம், எவ்ளோ சுத்துதுன்னு சொல்லும். அவ்ளோதான். இது அடிக்கற ஆளையும் பாக்கும்."

"என்னைய எதுக்கும்மா பாக்குது?"

"உங்க தோளு நல்லா அடிக்கணும்னுதான் சார் கெளம்புது. கடைசி நிமிஷத்துல மணிக்கட்டு லேசா ஒரு பிரேக் போடும். உங்களுக்கே தெரியாது. அந்த பிரேக்கால எத்தன யார்டு போச்சுன்னு இது கண்டுபிடிச்சிரும்."

"மணிக்கட்டு எதுக்கு பிரேக் போடுது?"

"பயமா இருக்கலாம், கூச்சமா இருக்கலாம். எதுன்னு மெஷினுக்குத் தெரியாது சார். எத்தனன்னு மட்டும்தான் தெரியும்."

வெளிநாட்டில் இந்த எண்ணுக்குப் பதற்றம் என்று பெயராம். லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் பெரிய ஆட்டக்காரர்களுக்காகக் கண்டுபிடித்தது. தமிழ்த் திரையில் அதற்கு "விட்டுக்கொடுப்பு" என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் யாரோ விவரமான ஆள். பெண் கொடுத்தவராக இருக்க வேண்டும்.

மோகனசுந்தரம் மாடியில் தனியாக அடித்துப் பார்த்தார். தூரம் 188, விட்டுக்கொடுப்பு 0. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் அவர் பந்து நேராக 150 யார்டைத் தாண்டியதே இல்லை. மறுபடி அடித்தார். 191. கீழே ஓடிவந்து, "அம்மிணி! நான் நல்லா ஆடறேன்!" என்று கத்தினார். கோகிலவாணி குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மட்டைப் பையின் பக்கவாட்டில் ஒளித்துவைத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார். சம்பந்தி பக்கத்தில் நிற்க, காற்றைக் கிழித்து மட்டையைச் சுழற்றினார். பந்து கொஞ்ச தூரம் மரியாதையாகப் போய் மரியாதையாக உட்கார்ந்தது. காதுக்குள் பெட்டி சொன்னது: "தூரம் 142. விட்டுக்கொடுப்பு 46."

மோகனசுந்தரத்துக்கு வியர்த்துவிட்டது. ஆறு வருஷமாக அவர் தோற்கவில்லை; தோற்றுக் கொடுத்திருக்கிறார். அவருக்கே சொல்லாமல் அவருடைய மணிக்கட்டு சம்பந்தி மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறது.

இதை இத்தோடு அடக்கி வைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் புதன்கிழமைதோறும் அவர் மனைவியோடும் ஆடுவார். கோகிலவாணி கொஞ்ச காலம் முன்பு சும்மா கூட வந்து மட்டையைப் பிடித்தவர். வந்த மாதமே கணவரைத் தோற்கடிக்க ஆரம்பித்தவர். அந்தப் புதன்கிழமை ஆட்டம் முடிந்ததும் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன, எல்லா அடிக்கும் பூஜ்யம் பூஜ்யம்னு காட்டுது?"

"அதுவா... விட்டுக்கொடுப்பு, அம்மிணி."

"சம்பந்தியோட ஆடுனப்போ?"

பொய் சொல்லத் தெரியாதவர். "நாப்பத்தாறு" என்றார்.

கோகிலவாணி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த மெதுவிலேயே, அவரோடு பழகியவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். "ஊட்டுக்கு வர்ற மருமகனோட அப்பனுக்கு நாப்பத்தாறு. முப்பத்திரண்டு வருசம் சோறாக்கிப் போட்டவளுக்கு ஒரு யார்டு கூட இல்ல."

"நீதான் எப்பவும் ஜெயிச்சுப்போடறியே அம்மிணி!"

"ஜெயிக்கறது வேற மாமா. உட்டுக் குடுக்கறது வேற."

அடுத்த புதன்கிழமை மோகனசுந்தரம் வேண்டுமென்றே லேசாகத் தட்டிப் பார்த்தார். பெட்டி விடவில்லை. "பாவனை கண்டறியப்பட்டது. விட்டுக்கொடுப்பு 0" என்று சத்தமாக, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அறிவித்தது. அன்று மதியம் அவருக்கு ரசம் சாதம்தான்.

இதற்குள் கிளப்பில் இன்னும் பத்துப் பேர் அதே பெட்டியை வாங்கிவிட்டார்கள். பிறகு ஐம்பது பேர். அடுத்து நடந்தவற்றை எழுத ஒரு நாவல் போதாது. ஒரு மில் முதலாளியிடம் தோற்றுக்கொண்டே இருந்த அவருடைய நான்கு மேனேஜர்களுக்கும் ஆளுக்கு அறுபதுக்கு மேல் காட்டியது. ஐந்தாவது மேனேஜருக்குப் பூஜ்யம் காட்டியது, அவரும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார். பாவம், அவர் நிஜமாகவே மோசமாக ஆடுபவர். முதலாளி அவரை நேர்மையானவர் என்று தூக்கி மேலே வைத்தார். இதய டாக்டர் ஒருவருக்கு எதிராக அவருடைய நோயாளிகள் எல்லோரும் எண்பதைத் தொட்டார்கள். ஒரு அண்ணன் தம்பி சொத்துப் பிரித்த பிறகு இருவருக்கும் இடையில் சுத்தமாகப் பூஜ்யம். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கல்யாணத் தரகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "பையன் கோல்ஃப் ஆடுவாருங்களா? அம்மாவோட எத்தன, அப்பாவோட எத்தன, அக்காவோட எத்தன?" என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் ஜாதகத்தையே திறந்தார்கள். அம்மாவுக்கு எழுபது காட்டிய ஒரு நல்ல பையனுக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை.

ஆட்டம் யாருக்காவது முன்னேறியதா என்று கேட்கிறீர்களா? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

கடைசியில் கிளப் செயலாளர் திலகராஜ், ராணுவத்தில் இருந்து வந்தவர், பொறுமை இழந்து ஒரு விதி போட்டார். ஆண்டுப் போட்டியில் கிளப்பின் பெட்டிதான்; ஒவ்வொரு அடியின் விட்டுக்கொடுப்பும் பெரிய திரையில் தெரியும்; ஐந்து யார்டுக்கு மேல் மூன்று முறை காட்டினால் ஆள் வெளியே. முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மோகனசுந்தரத்துக்கு எதிரே வந்த பெயர் மௌனகுருசாமி.

அன்று இரவு கோகிலவாணி விஷயத்தைத் தெளிவாகப் பிட்டு வைத்தார். "திரையில நாப்பத்தாறுன்னு வந்துச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஆறு வருசமா நீ ஜெயிச்சதெல்லாம் நான் போட்ட பிச்சைன்னு ஊரு முன்னால சொன்ன மாதிரி. அவரு மானஸ்தரு. மறுநாள் யாழினி அந்த ஊட்ல எப்படித் தலை நிமிந்து நடப்பா?"

"அப்ப முழுசா அடிச்சு ஜெயிச்சிரட்டா?"

"மாப்பிள்ளையோட அப்பாவ, முட்டி வலியோட நிக்கறவர, ஊரு முன்னால ஜெயிப்பீங்களா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"பெட்டி வாங்கறதுக்கு முன்னால கேட்டிருக்கோணும்" என்றார் கோகிலவாணி.

இருந்தாலும் இரண்டு தீமையில் ஜெயிப்பது மேல் என்று மோகனசுந்தரம் முடிவு செய்தார். ஜெயித்தால் கொஞ்ச நாள் வருத்தம். விட்டுக்கொடுத்தது தெரிந்தால் ஆயுளுக்கும் அவமானம். கூடவே அந்த ஆசை வேறு உள்ளே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மணிக்கட்டுக்குப் பழக்க வேண்டும், சம்பந்தி பக்கத்தில் நின்றாலும் பிரேக் போடக் கூடாது என்று. ஆனால் பழகுவதற்குச் சம்பந்தியை வரச் சொல்ல முடியுமா?

அப்போதுதான் கொட்டகையில் கிடந்த கட்அவுட் ஞாபகம் வந்தது. மௌனகுருசாமி பருத்தி வியாபாரிகள் சங்கத் தலைவரானபோது, சம்பந்தி முறைக்காக மோகனசுந்தரம் வைத்தது. ஆள் உயரம். கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைத் தூக்கி மாடியில் வலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அடித்தார்.

விட்டுக்கொடுப்பு 44.

அட்டைக்கே நாற்பத்துநான்கு! கட்அவுட் முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். பூஜ்யம். துண்டை எடுத்தார். நாற்பத்துநான்கு. மூடினார், பூஜ்யம். இதையே ஒரு வாரம் செய்தார். துண்டை ஒவ்வொரு அங்குலமாக விலக்கி, முதலில் நெற்றி, பிறகு புருவம் என்று முன்னேறினார். மூக்கு வரை வந்துவிட்டார். மீசை தெரிந்ததும் மணிக்கட்டு மறுபடியும் வணங்கிவிடும்.

மீசைப் பயிற்சி மும்முரமாக நடந்த ஒரு சாயங்காலம், படியில் செருமல் சத்தம் கேட்டது.

"சம்பந்தி மேல இருக்கறாருன்னாங்க, அப்படியே வந்துட்டேனுங்க" என்றபடி, கையில் ஒரு தேங்காய் பர்பி டப்பாவோடு, ஒவ்வொரு படியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து நின்றார் மௌனகுருசாமி.

மாடியில் அவரே நின்றுகொண்டிருந்தார். கை கூப்பியபடி. பாதி முகத்தில் துண்டோடு.

நல்ல வேளை, எதிர்வீட்டு மாடியில் அப்போது துணி எடுக்க ஒருவர் வந்திருந்ததால் இந்த விவரம் நமக்குக் கிடைத்தது. இரண்டு மௌனகுருசாமிகளும் ஒருவரையொருவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு எதுக்குங்க துண்டு?" என்றார் உயிரோடு இருந்தவர்.

மோகனசுந்தரம் துண்டை அவசரமாக உருவினார். "வெயிலுங்க சம்பந்தி" என்றார். "மூஞ்சில வெயில் படுதேன்னுங்க..."

சூரியன் அப்போது மருதமலைப் பக்கம் முக்கால்வாசி இறங்கியிருந்தது. மௌனகுருசாமி அதையும் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பர்பி டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், படியருகே நின்று, "அந்தப் பெட்டிய மேக்கால பாத்து வெக்காதீங்க. எதிர்வெயில்ல ரெண்டு மூணு யார்டு கூடக் காட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவருக்கு எப்படி அது தெரியும் என்று மோகனசுந்தரம் யோசிக்கவே இல்லை. மானம் போன மனிதனுக்கு யோசனை எங்கே ஓடும்? அன்று இரவு முழுக்கப் பர்பியைத் தின்றபடி, "சம்பந்திக்குத் துண்டு போட்டேனே, சம்பந்திக்கே துண்டு போட்டேனே" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

போட்டி நாள். கிளப்பில் கல்யாணக் கூட்டம். கோல்ஃப் என்றால் என்னவென்று தெரியாத சொந்தக்காரர்கள் எல்லாம் திரைக்கு எதிரே நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் போண்டா வாசனை. கிளப் பெட்டி ஒரு குட்டிச் சக்கர வண்டியில் ஏறிக்கொண்டு ஆட்டக்காரர்களின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்தது. ஒன்பது குழி. குழிக்குக் குழி யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அந்தக் குழி அவருக்கு.

மோகனசுந்தரம் முதல் அடிக்கு நின்றார். மனதுக்குள் ஒரு துண்டை எடுத்து மௌனகுருசாமியின் முகத்தில் போட்டார். மட்டையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, "நல்லா அடிங்க சம்பந்தி" என்றார் மௌனகுருசாமி, அன்பாக.

துண்டு விழுந்துவிட்டது. திரையில் எண் வந்தது. 46.

கூட்டம் "ஓஓஓ" என்றது. முன்வரிசையில் கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் யாழினி எழுந்தே நின்றுவிட்டாள். மோகனசுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தால் சம்பந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மௌனகுருசாமி மெதுவாகக் குனிந்தார். தன் பந்தை வைத்தார். இரண்டு முட்டியையும் ஒருமுறை தடவிக்கொண்டார். அடித்தார். பந்து சோம்பலாகப் போய் மணலில் படுத்தது.

திரையில் எண் வந்தது. 52.

கூட்டத்தில் யாரோ ஒருவர் கடித்த போண்டாவை மெல்லாமல் வைத்திருந்தார்.

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். "நீங்களுமாங்க?"

"நீங்களுமாங்க?" என்றார் மௌனகுருசாமி.

"நான் பொண்ணக் குடுத்தவனுங்க. எனக்கு முறைங்க. உங்களுக்கு என்னுங்க?"

"பொண்ண எடுத்தவனுக்கு பயம் இருக்காதுங்களா?" என்றார் மௌனகுருசாமி. "உங்க பொண்ணுதானுங்க இப்ப என்ற மில்ல நடத்துது. ஞாயித்துக்கெழம நீங்க தோத்துட்டுப் போனீங்கன்னா, திங்கக்கெழம காலைல மீட்டிங்ல என்னையப் பாக்கற பார்வையே வேற. என்ற சேர்மன் சீட்டுல நானே நுனில உக்காந்திருக்கேனுங்க."

"மாமா!" என்றாள் யாழினி, முன்வரிசையிலிருந்து. "நான் எப்ப அப்படிப் பாத்தேன்?"

"இப்பப் பாக்கற பாரு கண்ணு, அதே பார்வதான்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"ஆறு வருசமா தோக்கறதுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமுங்களா?" மௌனகுருசாமி விடவில்லை. "குளத்துல ஒண்ணப் போட்டா நீங்களும் ஒண்ணப் போடறீங்க. ரெண்டு போட்டா மூணு போடறீங்க. ஒருக்கா மனுசன நிம்மதியாத் தோக்க விட்டிருக்கீங்களா? கடைசில வேற வழியே இல்லாம ஜெயிச்சுத் தொலைப்பேனுங்க. நானும் அந்தப் பெட்டிய வாங்கி மில்லு குடோன்ல வெச்சு, இன்னும் நல்லாத் தோக்கறது எப்படின்னு பழகிட்டிருந்தனுங்க. வேணும்னே தட்டுனா பெட்டி பாவனைன்னுருதுங்க, உங்க மொகத்தப் பாத்தாத்தான் கை தானா அடங்குது. எனக்கு மட்டும் உங்க கட்அவுட் கெடைக்கல. கல்யாண ஆல்பத்தத் தொறந்து வெச்சு அடிச்சேன்."

இதைக் கேட்டபோது மோகனசுந்தரத்துக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. மட்டையை ஊன்றிக்கொண்டு குலுங்கினார். மௌனகுருசாமியும் குலுங்கினார். செயலாளர் திலகராஜ் விசில் ஊதி, "ஆளுக்கு ஒரு எச்சரிக்கை! ஆட்டத்தத் தொடருங்க!" என்றார்.

"சம்பந்தி" என்றார் மோகனசுந்தரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவே ஆடலாமுங்களா?"

"நெசமாவே ஆடலாமுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை வேலங்காடு கிளப் இன்னும் பேசி முடிக்கவில்லை. திரையில் பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யமாக வந்து விழுந்தது. இரண்டு பேரும் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு மட்டையைச் சுழற்றினார்கள். ஆனால் பெட்டி சொன்ன அந்த நாற்பத்தாறு யார்டும் ஐம்பத்திரண்டு யார்டும் முன்பக்கமாக வரவில்லை. ஒன்று தென்னந்தோப்புக்குள் போனது. ஒன்று நேராக வானத்துக்குப் போய், வெகு நேரம் கழித்து, அடித்தவர் காலடியிலேயே விழுந்தது. மோகனசுந்தரத்தின் ஒரு பந்து போண்டாத் தட்டோடு பறந்துகொண்டிருந்த ட்ரோனை வீழ்த்தியது. முழு மனதோடு அடித்தால் இவர்கள் எவ்வளவு மோசமாக ஆடுவார்கள் என்பதை ஊர் அன்றுதான் பார்த்தது.

வாய் வேறு கழன்றுகொண்டது. மூன்றாவது குழியில் மௌனகுருசாமி, "நெழல் விழுது, அக்கட்ட நில்லுய்யா" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்தாவதில் குளத்தைத் தாண்டி ஒரு பந்தை அனுப்பிவிட்டு மோகனசுந்தரம், "பாத்தியா! பாத்தியாய்யா!" என்று புல்லில் குதித்தார். ஆறாவதில், "வாய மூடிட்டு அடி" என்றார் ஒருவர். யார் என்று சொல்லமாட்டேன், இருவருக்கும் ஊரில் மரியாதை இருக்கிறது. முன்வரிசையில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்து மௌனகுருசாமிக்குக் கை தட்டினார். புதன்கிழமைக் கணக்கு அவருக்கு இன்னும் தீரவில்லை.

எட்டுக் குழி முடிந்தபோது சமம்.

ஒன்பதாவதில் மௌனகுருசாமி எட்டு அடியில் முடித்தார். மோகனசுந்தரம் ஆறு அடித்திருந்தார். பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது. சும்மா உருட்டிவிட வேண்டும். உருண்டு உள்ளே போனால் ஜெயம். ஆறு வருஷம் காத்திருந்த ஜெயம்.

மட்டையை மூன்று முறை மாற்றிப் பிடித்தார். மணிக்கட்டு பிரேக் எதுவும் போடவில்லை. அது அவருக்கே தெரிந்தது. இது வேறு தடுமாற்றம். இரண்டடி தூரம் இருபதடியாக நீண்டது. குழி கண்ணெதிரே சுருங்கி மோதிர அளவுக்கு வந்தது. அவர் மட்டையைப் பின்னால் கொண்டுபோனார்.

"எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார் மௌனகுருசாமி.

மோகனசுந்தரம் அப்படியே நின்றார். "என்னுங்க?"

"பந்த எடுத்துக்குங்க. உள்ள போன மாதிரியேதான். குடுத்துட்டேனுங்க."

அது கோல்ஃபின் பழைய வழக்கம். எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் இருந்தால், உருட்டாமலே போனதாக ஒப்புக்கொள்ளலாம். கொடுத்தால் கொடுத்ததுதான்; வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. திலகராஜ் விசில் ஊதினார். "ஒம்பதாவது குழியும் ஆட்டமும் மோகனசுந்தரத்துக்கு!"

திரை ஒரு கணம் தடுமாறியது. சக்கர வண்டிப் பெட்டி அங்கும் இங்கும் தலையைத் திருப்பியது. பிறகு மௌனகுருசாமியின் பெயருக்கு எதிரே எழுதியது: அடி எதுவும் இல்லை.

"அநியாயமுங்க!" என்று கத்தினார் மோகனசுந்தரம். ஜெயித்த மனிதர் அப்படிக் கத்தி ஊர் பார்த்ததில்லை. "ஒருக்காவாச்சும் நானா அடிச்சு ஜெயிக்க விடுங்க! இப்பவும் குடுக்கறீங்களே!"

"அட, உள்ள போகலைன்னா சமமாயி இன்னொரு குழி ஆடச் சொல்லுவாங்க. என்ற முட்டிக்கு ஆவாதுங்க சம்பந்தி. முட்டிக்காகத்தானுங்க குடுத்தேன்." சொல்லிவிட்டுக் குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தென்னந்தோப்பில் எதையோ கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆட்டம் முடிந்துவிட்டது. உருட்டினாலும் உருட்டாவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் மோகனசுந்தரம் குனிந்தார். வாழ்க்கையின் மொத்தக் கவனத்தையும் சேர்த்து, பந்தை மெல்ல உருட்டினார்.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டது. ஒரு சுற்று சுற்றியது. வெளியே வந்து நின்றுகொண்டது.

திரையில் அவர் பெயருக்கு எதிரே எண் வந்தது. விட்டுக்கொடுப்பு 0.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கோகிலவாணி மட்டும் கை தட்டுவதை நிறுத்திவிட்டு மௌனகுருசாமியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனசுந்தரம் பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சம்பந்தியிடம் போனார். கொஞ்ச நேரம் இருவரும் தென்னந்தோப்பைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா சம்பந்தி?"

"எதையுங்க?"

"பந்த."

"நான் எங்கீங்க பாத்தேன். இங்க ஒரு தேங்கா விழற மாதிரி இருந்துச்சு, அதப் பாத்துட்டிருந்தேன். உள்ள போயிருக்குமே?"

மோகனசுந்தரம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். "போச்சுங்க" என்றார்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றார் மௌனகுருசாமி. "வாங்க, போண்டா ஆறிடும்."

மௌனகுருசாமியை ஏற்றிப்போகக் கோல்ஃப் வண்டி வந்து பக்கத்தில் நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னொரு குழி ஆட முட்டிக்கு ஆகாது என்று சொன்ன அந்த மனிதர், கிளப் மேட்டை நோக்கி, பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல விறுவிறுவென்று ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பெட்டி அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது. அளப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டது.